மே கடைசி வாரம் நீலகிரி, ஏழு பேர், நாலு நாள்: திட்டத்தைப் பார்த்துத் திருத்துங்கள்

பொன்மலைவாசி
மே கடைசி வாரம், செவ்வாய் முதல் வெள்ளி வரை. மூன்று இரவு. திருச்சியிலிருந்து சொந்த வண்டி, ஏழு இருக்கை, டீசல், மேனுவல் கியர். பெரியவர்கள் ஐந்து பேர். அதில் அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் தேய்மானம். பிள்ளைகளுக்கு 11, 6.

பூங்கா, படகு, சாக்லேட் கடை என்று மட்டும் முடிக்க விருப்பமில்லை. காட்டுக்குள் நடக்க வேண்டும், பிள்ளைகள் மலை ரயிலில் ஏற வேண்டும், அம்மா நாலு நாளும் ரூமிலேயே உட்காரக் கூடாது. போட்டு வைத்திருக்கும் திட்டம்:
செவ்வாய்: ஏறுவது, ஊட்டி ஏரி.
புதன்: பைக்காரா, அவலாஞ்சி.
வியாழன்: தொட்டபெட்டா, குன்னூர்.
வெள்ளி: கல்லட்டி வழியாக மசினகுடி, அப்படியே இறக்கம்.
தங்குவது மூன்று இரவும் ஊட்டி. எங்கே இடிக்கிறது?

இரண்டாம்கியர்
வெள்ளிக்கிழமை இடிக்கிறது. வெளியூர் வண்டியை ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாகக் கீழே விடமாட்டார்கள். 36 கொண்டை ஊசி வளைவு, சரிவு செங்குத்து, பிரேக் போய்க் கவிழ்ந்த வண்டிகள் ஏராளம். ஏழு பேர், சாமான் என்று முழுப் பாரத்தோடு இருக்கும்போது அந்தப் பாதையை நினைக்கவே வேண்டாம்.

அரவேணு
புதன்கிழமையும் இடிக்கிறது. அதற்குக் காரணம் மழை.

நீலகிரியை ஒரே இடமாக நினைத்துத் திட்டம் போடுவதில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். நடுவில் தொட்டபெட்டா வரிசை (2,637 மீட்டர்) வடக்கு தெற்காக நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வந்து கூடலூர், தேவாலா, பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் கொட்டிவிட்டு, மீதியைத்தான் ஊட்டிக்குக் கொண்டுவரும். வரிசைக்குக் கிழக்கே இருக்கும் கோத்தகிரிக்கு வருவது அதிலும் மிச்சம். கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில்தான். மேற்கே எவ்வளவு கொட்டும் என்று தெரிய ஒரு கணக்கு போதும்: 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. பதிவானது.

கேரளத்தில் பருவமழை தொடங்குவது வழக்கமாக ஜூன் 1. ஆனால் 2025இல் மே 24ஆம் தேதியே தொடங்கியது. அடுத்த இரண்டு நாளும் நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை (அதி கனமழைக்கு வானிலைத் துறை விடுவது), சுற்றுலா இடங்களை மூடினார்கள். நீங்கள் சொல்லும் வாரம் சரியாக அந்த வாரம். மழை தள்ளிப் போனால் எங்கே இருந்தாலும் நல்லது. முன்னால் வந்துவிட்டால் மேற்கே இருப்பவர்கள் ரூமில் அடைந்து கிடப்பார்கள். கிழக்கே இருப்பவர்களுக்குக் காலையாவது கிடைக்கும். எனவே தங்குவதைக் கோத்தகிரிக்கு மாற்றுங்கள். அவலாஞ்சி, பைக்காராவை எடுத்துவிடுங்கள்.

ஊட்டிப்பிரியன்
கோத்தகிரியில் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? பைக்காராவில் ஸ்பீடு போட், அவலாஞ்சியில் வனத்துறை வண்டிச் சவாரி, ஊட்டியில் தொட்டதெல்லாம். மே மாத மழை சாயங்கால இடிமழைதானே, ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். அதற்காக ஊட்டியையே விடுவது அதிகப்படி.

அரவேணு
@ஊட்டிப்பிரியன் சாயங்கால இடிமழை மே நடுவாரம் வரை சரி. அது வெயில் ஏறி மேகம் கட்டிப் பெய்வது, மதியம் இரண்டுக்கு மேல் வரும், விட்டுவிடும். பருவமழை வேறு. காற்றோடு நாள் முழுக்கத் தூறும், மூடுபனி இறங்கும், பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாது. பைக்காரா அணை தெரியாமல் படகில் உட்கார்ந்திருப்பதற்கு டிக்கெட் எதற்கு?

காற்று இன்னொரு தொல்லை. ஊட்டி, குன்னூர்ச் சாலையோரத்தில் நிற்பவை பெரும்பாலும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்). இரண்டும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. சீகைக்கு வேர் ஆழமில்லை, மண் ஊறினால் வேரோடு சாயும். கற்பூர மரம் கிளையை முறித்துப் போடும். 2025 மே எச்சரிக்கை நாளில் சுற்றுலா வந்த ஒரு சிறுவன் மரம் விழுந்துதான் இறந்தான். காற்று வீசும் நாளில் பைன் தோப்பு, கற்பூரத் தோப்புக்குள் போகக் கூடாது. அந்த மரங்களின் அடியில் வண்டியும் நிறுத்தக் கூடாது.

சோலைமந்தி
முதலில் இ-பாஸ் (வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு), அப்புறம் ரூம். பலர் தலைகீழாகச் செய்துவிட்டு முன்பணத்தை இழக்கிறார்கள்.

உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரல் முதல் சீசனுக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000. நீங்கள் செவ்வாய் ஏறுவது நல்ல முடிவு. வரம்பும் விதியும் நீதிமன்றத்தில் அவ்வப்போது மாறுகின்றன, கிளம்பும் வாரத்தில் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸில் வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, வரும் தேதி, போகும் தேதி, தங்கும் இடம் எல்லாம் வரும். கல்லாறு (குன்னூர்ச் சாலை), குஞ்சப்பனை (கோத்தகிரிச் சாலை) சோதனைச் சாவடிகளில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்வார்கள். அங்கே போய் நின்று போனில் எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். அன்றைய எண்ணிக்கை முடிந்திருந்தால் திரும்பத்தான் வேண்டும். முன்கூட்டியே எடுத்து ஒரு தாளில் அச்செடுத்து வண்டியில் வையுங்கள்.

அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் பாஸ் தேவையில்லை. பாஸ் கிடைக்காவிட்டால் வண்டியை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு ஏறுவது மாற்று வழி.

அதே சாவடியில் பிளாஸ்டிக் சோதனையும் உண்டு. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில், பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், கேரி பேக் எல்லாம் வாங்கிவைத்துக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில், வண்டியில் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு. மேலே தண்ணீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

இரண்டாம்கியர்
வண்டியைப் பற்றி. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள், முந்தின நாள் விடாதீர்கள். ஏதாவது மாற்றினால் ஓட்டிப் பார்க்க நாள் வேண்டும். பார்க்க வேண்டியவை: முன் பிரேக் பேட் தடிமன், பின் டிரம் லைனிங், பிரேக் ஆயில், கூலன்ட், வைப்பர் பிளேடு, டயர் (ஸ்டெப்னியும் சேர்த்து).

பிரேக் ஆயிலை யாரும் கண்டுகொள்வதில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புது டாட் 4 வகை ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் சேர்ந்தால் அது 155 வரை இறங்கிவிடும். இறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக் மிதித்தால் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) சூடாகி ஆயில் கொதிக்கும், குழாய்க்குள் ஆவி சேரும். ஆவி அமுங்கும், எனவே பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷம் தாண்டியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

இறங்குவதற்கு விதி ஒன்றுதான்: ஏற எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கு. குஞ்சப்பனைப் பக்கம் அது பெரும்பாலும் இரண்டு, சில இடத்தில் மூன்று. வேகத்தை எஞ்சின் பிடிக்கட்டும். பிரேக் வளைவுக்கு முன்னால் அழுத்தி விடுவதற்கு மட்டும். நியூட்ரலில் உருட்டினால் டீசல் மிச்சம் என்பவர் யாரும் உங்கள் வண்டியில் இருந்தால் பின்சீட்டில் உட்கார வையுங்கள். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும் அல்லது வெடிக்கும். சூட்டோடு ஹேண்ட் பிரேக்கை இறுக்க வேண்டாம். முதல் கியரில் போட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கிளம்பும்போது கல்லைச் சாலையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், அடுத்த பைக்காரன் விழுவான்.

டயர் காற்று: கதவோர ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்கு என்ன போட்டிருக்கிறதோ அது, டயர் ஆறியிருக்கும்போது. ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள், இறங்குபவர்தான் நிற்க வேண்டும். வளைவில் பேருந்து திரும்பினால் இருபதடி முன்னாலேயே நின்றுவிடுங்கள்; உள்ளே போய் மாட்டினால் இரண்டு பக்கமும் அடைக்கும்.

துறையூரான்
அண்ணே, பாஸ் கிடைக்கலேன்னா எதுக்கு மேட்டுப்பாளையம் வரைக்கும் போய்க் கஷ்டப்படணும்? நம்ம பக்கத்துலயே கொல்லிமலை இருக்கு, பாஸ் கிடையாது.

சோலைமந்தி
கொல்லிமலை நல்ல மாற்றுதான், ஆனால் இந்தக் குடும்பத்துக்கு இரண்டு சிக்கல். காரவல்லிப் பக்கம் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு, வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் முதல் நாள் போச்சு. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படி. இறங்குவதைவிட ஏறி வருவது கொடுமை. முழங்கால் தேய்மானம் உள்ளவரை அங்கே கூட்டிப்போகக் கூடாது. உயரமும் 1,000 முதல் 1,300 மீட்டர்தான், மே மாத நடுப்பகலில் குளிர் எதிர்பார்க்க முடியாது. அம்மா அறப்பளீஸ்வரர் கோவிலோடு நின்றுகொள்வார் என்றால் போகலாம்.

மருந்துப்பெட்டி
வாந்தி விஷயம். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், குன்னூர் 1,850. ஒன்றரை மணி நேரத்தில் அவ்வளவு வளைவு. மூன்றாம் வரிசை இருக்கையில்தான் ஆட்டம் அதிகம், அங்கே பிள்ளைகளைப் போடாதீர்கள். நடு வரிசையில், முன் கண்ணாடி வழியே சாலை தெரிகிற மாதிரி. போன், புத்தகம் கூடாது. வெறும் வயிறும் ஆகாது, பூரி பொங்கலும் ஆகாது. இரண்டு இட்லி போதும். வாந்தி மாத்திரை போடுவதென்றால் ஏற்றம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், அதாவது அன்னூர் பக்கம் வரும்போது. வளைவில் குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை. ஆறு வயசுப் பிள்ளைக்கு எது, எவ்வளவு என்பதைக் குழந்தை மருத்துவரிடம் எடைக்கு ஏற்பக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இந்த உயரத்தில் மலை நோய் என்று பெரிதாக வராது. ஆனால் ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கு முதல் நாள் மூச்சு வாங்கும், அன்றைக்கு நடை வைக்காதீர்கள். அம்மாவுக்கு முழங்கால் உறை, கைத்தடி இரண்டும் எடுத்து வாருங்கள். தேய்மானத்துக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் வலிக்கும், தடி இறக்கத்துக்குத்தான்.

குரங்கு கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனை. "சின்னக் கீறல்தானே, திருச்சி போய்ப் பார்த்துக்கலாம்" என்பது வேண்டாம். ரேபீஸ் ஊசி தாமதமாகக் கூடாது.

பொன்மலைவாசி
எல்லோருக்கும் நன்றி. கோத்தகிரிக்கு மாற்றுகிறேன். இரண்டு கேள்வி: காட்டுக்குள் நடக்க அங்கே எங்கே, யாரிடம் அனுமதி? ரூம் பார்க்கும்போது என்ன கேட்க வேண்டும்?

அரவேணு
நடைக்கு லாங்வுட் சோலை. கோத்தகிரி ஊரை ஒட்டியே இருக்கிறது, சுமார் 116 ஹெக்டேர், 2024இல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது. ஊருக்கும் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் தண்ணீர் அங்கிருந்துதான். பைன் தோப்பைப் பார்த்துவிட்டுக் காடு பார்த்தேன் என்று திரும்புகிறவர்கள் ஒருமுறை இந்தச் சோலைக்குள் நுழைய வேண்டும்: வெயில் தரைக்கு வராது, மரமெல்லாம் பாசி, தரை பஞ்சாக ஊறிக் கிடக்கும்.

அனுமதி வனத்துறையின் 'டிரெக் தமிழ்நாடு' இணையதளம் வழியாக. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கினார்கள். லாங்வுட், ஊட்டியில் கெய்ர்ன் ஹில் இரண்டும் அதில் எளிய வகை. வழிகாட்டி கூடவே வருவார். 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு எளிய பாதை மட்டும், பெற்றோர் உடன் இருக்க வேண்டும். அனுமதி இல்லாமல் எஸ்டேட் வழியாகக் காட்டுக்குள் கூட்டிப்போகிறேன் என்று ஹோம்ஸ்டேயில் யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் இறந்த பிறகுதான் இந்த விதியெல்லாம் இறுகியது. சிவப்பு எச்சரிக்கை வந்தால் பாதையை மூடுவார்கள்.

நடை காலை ஏழுக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடியட்டும். ஆறு வயசுப் பிள்ளைக்கு ஏற்றத்தில் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். வழிகாட்டி சொல்லும் நேரம் பெரியவர்களுக்கானது. ஒருநாள் மழை பெய்திருந்தாலும் ரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்கும். பேண்டைச் சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸ் மேல் உப்பும் மூக்குப்பொடியும் தடவுங்கள். கடித்ததைப் பிடுங்கி எறியாமல், நகத்தால் வாய்ப் பக்கத்தை நெம்பி எடுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் வழியும், அது உறைய விடாமல் அட்டை செலுத்தும் பொருளால். பயப்பட ஒன்றுமில்லை, பிள்ளைக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுக்கும். பாலியெஸ்டர் டிராக் பேண்ட், மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு. காட்டுப் பாதையில் குடை கிளையில் மாட்டும். வழுக்காமல் இருக்க அடியில் பட்டன் மாதிரி குமிழ்கள் உள்ள ஷூ. புதுசாக வாங்கினால் ஒரு வாரம் முன்பே போட்டு நடந்து பழக்குங்கள்.

சோலைமந்தி
ரூமுக்குக் கேட்க வேண்டியவை, விலைக்கு முன்னால்:
வண்டி வாசல் வரை வருமா, இல்லை மேலே நிறுத்திவிட்டு 60 படி இறங்க வேண்டுமா? மலையில் பாதி வீடுகள் சாலைக்குக் கீழே. அம்மாவுக்கு இது ஒன்றே முக்கியம்.
தரைத்தளத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள ரூம் இருக்கிறதா?
வெந்நீர் கீசரா, விறகு பாய்லரா? பாய்லர் என்றால் எத்தனை மணி வரை?
கரண்ட் போனால் என்ன ஏற்பாடு? காற்றடித்தால் நிச்சயம் போகும்.
ஹோம்ஸ்டே பதிவு பெற்றதா?

சமையல் செய்துகொள்வதென்றால் சின்ன குக்கர் எடுத்துப் போங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி சுமாருக்கே கொதித்துவிடும், பருப்பு சட்டியில் வேக வெகு நேரம் ஆகும்.

குஞ்சப்பனை
இன்னும் யாரும் சொல்லாத ஒன்று. மே, ஜூன் பலாச் சீசன். குஞ்சப்பனை, முள்ளூர், பர்லியாறு பக்கம் சாலையோரமே பலா மரங்கள். யானைகள் பழத்துக்காகக் கீழிருந்து ஏறி வந்து சாலையிலேயே நிற்கும். மாலை ஐந்துக்கு மேல் அந்தச் சாலையில் ஏறவோ இறங்கவோ கூடாது. பார்த்தால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், ஹெட்லைட்டை மினுக்காதீர்கள், யாரும் போனோடு இறங்கக் கூடாது, பின்னால் எடுக்க இடம் விட்டு நில்லுங்கள். முன்னால் நிற்கும் அரசுப் பேருந்து ஓட்டுநர் என்ன செய்கிறாரோ அதைச் செய்யுங்கள்.

கோத்தகிரி ஊருக்குள் கரடியும் காட்டுமாடும். இருட்டிய பிறகு ஹோம்ஸ்டேயிலிருந்து கடைக்கு நடந்து போகாதீர்கள். வண்டிக்குள் வாழைப்பழம், எண்ணெய், தின்பண்டம் வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். தேயிலைத் தோட்டத்தில் காட்டுமாடு சாதுவாக மேயும், பசு மாதிரி நினைத்து செல்ஃபி எடுக்கப் போகிறார்கள். ஒரு டன் எடை வரும், பாய்ந்தால் ஓட முடியாது.

கேத்தரின் அருவியைத் தூரத்திலிருந்து பாருங்கள், 250 அடி. மேல்பக்கம் பாறை வரை போகும் பாதைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். பாசி வழுக்கினால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

ஊட்டிப்பிரியன்
சரி, ஒத்துக்கொள்கிறேன், பைக்காரா வேண்டாம். ஆனால் ரயிலை விடாதீர்கள். மேட்டுப்பாளையம் காலை 7.10 வண்டிக்கு சீசனில் ஏழு சீட் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும், அன்றே முடிந்துவிடும். குன்னூர் முதல் ஊட்டி வரை 19 கிலோமீட்டருக்கு மட்டும் ஏறுங்கள், ஒரு நாளைக்குப் பல வண்டி உண்டு, ஒரு மணி நேரம் சொச்சம். ஒருவர் வண்டியை ஓட்டிக்கொண்டு ஊட்டி ஸ்டேஷனுக்கு வந்துவிடட்டும். பல்சக்கரத் தண்டவாளமும் நீராவியும் கல்லாறு முதல் குன்னூர் வரைதான், அங்கே ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று. குன்னூருக்கு மேல் டீசல் எஞ்சின், பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மழையில் மண் சரிந்து நிற்பதும் பெரும்பாலும் கீழ்ப்பகுதிதான்.

அரவேணு
எல்லாம் சேர்த்தால்:

செவ்வாய். விடியற்காலை நாலுக்குக் கிளம்புங்கள்: கரூர், காங்கேயம், அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம். அங்கே டீசல் நிரப்பிக்கொள்ளுங்கள். சீசனில் ஏற்றம் குன்னூர் வழி, இறக்கம் கோத்தகிரி வழி என்று ஒருவழி ஆக்குவது வழக்கம், இந்தத் திட்டத்துக்கு அது தோதாகவே இருக்கிறது. குன்னூரில் சாப்பாடு, இரண்டுக்குள் கோத்தகிரி. அன்றைக்கு வேறு எதுவும் இல்லை.

புதன். நடப்பவர்கள் லாங்வுட். அம்மாவும் துணைக்கு ஒருவரும் ஊருக்குள் நேரு பூங்கா. மதியம் மழைக்கு விட்டுவிடுங்கள்.

வியாழன். குன்னூர் போய் ரயில், ஊட்டியில் இறங்கி மதியச் சாப்பாடு. மேகம் இல்லையென்றால் திரும்பும் வழியில் தொட்டபெட்டா, இருந்தால் நேரே கோத்தகிரி. இடி கேட்டால் தொட்டபெட்டா உச்சியில் நிற்காதீர்கள்.

வெள்ளி. காலை ஏழுக்குக் கோடநாடு காட்சிமுனை, 18 கிலோமீட்டர். வண்டி பக்கம் வரை போகும், அம்மாவுக்குக் கஷ்டமில்லை. மாயாறு பள்ளத்தாக்கு, தெங்குமரஹாடா, ரங்கசாமி மலை எல்லாம் தெரியும். ஒன்பதுக்கு மேல் மேகம் மூடக்கூடும். பதினொன்றரைக்குக் குஞ்சப்பனை இறக்கம், இரண்டாம் கியரில்.

செவ்வாய்க்கிழமைக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தால் கிளம்பாதீர்கள். ரூம் போடும்போதே தேதி மாற்றலாமா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள்.

பொன்மலைவாசி
அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம்: கடைசி நேரத்தில் சொந்த வண்டிக்குப் பதில் வாடகை வண்டி என்றால் அதே இ-பாஸ் செல்லுமா?

சோலைமந்தி
செல்லாது. வண்டி எண் பொருந்த வேண்டும், புது எண்ணுக்குப் புதுப் பாஸ். ஆட்களைச் சேர்க்கும்போது ஓட்டுநரையும் எண்ணிக்கொள்ளுங்கள், எட்டுப் பேர் ஆகிவிடும். அப்போது ஏழு இருக்கை வண்டியும் போதாது.